வெள்ளிக் கணக்கு

முதலாளி சிவகடாட்சம் தன் படம் ஒன்றையும் பார்த்ததில்லை.
முதல் காட்சிக்கு மருதானைக்குப் போவார்.
முன்வரிசைக்கும் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு,
திரைக்கு முதுகு காட்டி,
கலரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கச்சான் உரிக்கிற விரல் எந்த இடத்தில் நிற்கிறது,
எந்தப் பாட்டுக்கு ஆம்பிளைகள் பீடி பற்றவைக்க எழும்புகிறார்கள்,
தூங்கும் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினவள்
மாற்றும்போது திரையைவிட்டுக் கண்ணை எடுத்தாளா.
நான் பக்கத்தில் குந்தியிருந்து
டோர்ச் வெளிச்சத்தில் குறிப்பேன்.
"நிஸ்தார், எழுதும். ஏழாம் ரீல். இருமல் கூட.
வெட்டச் சொல்லும்."

செட்டியார் தெருவில் செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம்.
ஒரு கப்பல் மிளகாய் நனைந்து வந்த வருஷம்
காப்புறுதிக் காசில் தொடங்கியது முதற் படம்.
சிங்களப் படம்.
அவருடைய சிங்களம் கடன் கேட்கக் காணும், கடன் மறுக்கக் காணும்.
வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவித்து
விலைப்பட்டியல் போல வாசிப்பார்.
'அம்மே' வருகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு.
"பதினொரு தரம். காணும்.
பன்னிரண்டாவதுக்கு அழமாட்டினம்."

டைரக்டர் விக்ரமபால மழை கேட்டார்.
தண்ணி லொறி இரண்டு, நாளுக்கு நூற்றெண்பது ரூபா.
"வைகாசி மழை சும்மா வரும், பொறும்" என்றார் முதலாளி.
பொறுத்தோம்.
அந்த வைகாசி பொய்த்தது. ஆனி பொய்த்தது.
கதாநாயகி கல்யாணம் முடித்து
வயிறும் தெரியத் தொடங்கிவிட்டது.
கடைசியில் கதையை மாற்றினார்கள்.
படம் நூறு நாள் ஓடியது.

மட்டக்குளியில் பழைய தும்புக் களஞ்சியம்தான் ஸ்டூடியோ.
தகரக் கூரை, ஆற்றுக் காற்று, காகம்.
கெட்டபோலோடு ஒரு பெடியனை வைத்தோம்.
சம்பளப் புத்தகத்தில் அவன் பெயர்
ஒலிப்பதிவுப் பகுதியில் இருந்தது.

லாப்பில் பிலிம் கழுவின தண்ணீரில் வெள்ளி இருக்கும்.
தொட்டியின் அடியில் கறுப்புச் சேறாய்ப் படியும்.
வருஷக் கடைசியில் அதை உருக்கி விற்று
எங்களுக்குப் போனஸ்.
"ரம்யலதாவின் கண்ணீர்" என்பார் லாப்காரர்.
முதலாளி சிரிக்கமாட்டார். நிறை கேட்பார்.

பிறகு அந்த ஆடி.

மாளிகாவத்தையில் என் வீட்டு உள்ளறையில்
என் சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு
பதினாறு நாள் இருந்தார்.
காவலாளி பியதிலக வந்து, நின்றபடியே சொன்னான்:
வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைக்
கிழியாமல் உரித்துச் சுருட்டி
ஒருத்தனிடம் பத்திரமாய்க் கொடுத்துவிட்டுத்தான்
நெருப்பு வைத்தார்களாம்.
"எந்தப் படத்துப் போஸ்டர்?" என்று கேட்டார்.
சொன்னான்.
தலையை ஆட்டினார்.
அன்றைக்குத்தான் ஒரு பிளேன்டீ முழுதாகக் குடித்தார்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு காலை
கிராண்ட்பாஸ் பழைய இரும்புக்காரன் ஒருத்தன்
சாம்பலுக்கு விலை கேட்டு வந்தான்.
நெகட்டிவ் அறைச் சாம்பல் மட்டும் போதுமாம்.
கிளறிப் பார்த்து,
எது கறுப்பு வெள்ளை, எது கலர் என்று விசாரித்தான்.
"கலரில் ஒன்றுமில்லை ஐயா.
கழுவும்போதே வெள்ளியெல்லாம் போய்விடும்."

எங்களுக்குக் கூடக் காசு கொட்டியது
அந்த இரண்டு கலர்ப் படமும்தான்.
அதைத் தனியே ஒதுக்கிவைத்தான், காலால்.

மிச்சம் ஒன்பது படம்.
சாக்கில் அள்ளிக் கொக்கித் தராசில் தூக்கினான்.
கரி ஒட்டின கொப்பியோடு நான் பக்கத்தில்.
சாக்கு ஆடியது, முள் ஆடியது.
முதலாளி தராசுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று
அந்த மனுசனின் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:
"இன்னும் ஐம்பது தருவான். கேளும்."

தந்தான்.